புரியாத தத்துவத்தை உரசிப் பார்ப்பது எப்படி?

தத்துவம் படிக்கத் தொடங்குகிறவர்கள் சில மாதங்களிலேயே ஒரு இடத்தில் வந்து முட்டி நிற்பார்கள். கையில் ஜெர்மன் தத்துவவாதிகளான ஹெகலோ ஹைடெக்கரோ, பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கானோ இருப்பார். பத்துப் பக்கம் படித்தும் ஒன்றும் பிடிபடாது. அப்போது மனதுக்குள் இரண்டு குரல் கேட்கும். "உனக்கு இதற்கான மண்டை இல்லை" என்று ஒரு குரல் சொல்லும். "இந்த ஆள் தன்னையும் ஏமாற்றிக்கொண்டு நம்மையும் ஏமாற்றுகிறார்" என்று இன்னொரு குரல் சொல்லும். இரண்டில் எதை நம்பினாலும் புத்தகத்தை மூடிவைத்துவிடலாம். அதனால் இரண்டுமே வசதியான குரல்கள்.

நான் தத்துவப் பேராசிரியர் இல்லை. வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் படிக்கிற ஆள். பதினைந்து வருடமாக இந்தப் புத்தகங்களோடு மல்லுக்கட்டியதில் கைவசமான சில சோதனைகளைப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு யாராவது முதல் வருடத்திலேயே இதைச் சொல்லியிருந்தால் நிறைய இரவுகள் மிச்சமாகியிருக்கும்.

ஆளை விடுங்கள், பத்தியைப் பிடியுங்கள்

"ஹைடெக்கர் மேதையா, ஏமாற்றுக்காரரா?" என்று கேட்டால் விடை வராது, சண்டைதான் வரும். 1927இல் வெளிவந்த 'இருப்பும் காலமும்' நூலில் சுத்தியலைப் பற்றி அவர் எழுதிய பக்கங்கள் என் பார்வையையே மாற்றின. இரண்டே வருடம் கழித்து அவர் பேசிய ஒரு வாக்கியம் இன்றுவரை எனக்கு வெறும் ஓசையாகவே படுகிறது. இரண்டையும் சொன்னவர் ஒரே ஆள்தான். அதனால் இரண்டு பக்கத்துக்கு மேல் போகாத ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு அந்தப் பகுதிக்கு மட்டும்.

எடுத்த பகுதி ஏன் கடினமாக இருக்கிறது என்று அடுத்து பாருங்கள். விஷயமே கடினமாக இருக்கலாம். அவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது நமக்குத் தெரியாமல் இருக்கலாம். அவசரத்தில் மோசமாக எழுதியும் இருக்கலாம். ஜெர்மன் தத்துவவாதி காண்ட் தன் 'தூய அறிவின் விமர்சன'த்தை 1781இல் வெளியிட்டார். பன்னிரண்டு வருடம் யோசித்ததை நான்கைந்து மாதத்தில் எழுதி முடித்ததாக அவரே சக தத்துவவாதி மெண்டல்ஸோனுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். மறு வருடம் வந்த ஒரு மதிப்புரை அந்த நூலைத் தவறாகப் புரிந்துகொண்டது. காண்டுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் உட்கார்ந்து, அதே விஷயத்தை வேறு வரிசையில், சின்னதாக, 1783இல் 'புரோலெகொமினா' என்று ஒரு நூலாக எழுதினார். ஒருவர் தான் சொன்னதை வேறு விதத்தில் திருப்பிச் சொல்ல முன்வருகிறார் என்றால் உள்ளே சரக்கு இருக்க வாய்ப்பு அதிகம். இது என் அனுபவம்.

அவர் சொல்லை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள்

ஞாயிறு மாலைகளில் நாலைந்து பேர் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் கூடிப் படிப்போம். ஒருமுறை என் முறை வந்தது. இருப்பு, இருப்பின் திறப்பு, மறைவு என்றெல்லாம் இருபது நிமிடம் பேசினேன். நன்றாகப் பேசியதாகவே நினைத்தேன். எங்களோடு படிக்கும் எலக்ட்ரீஷியன் நண்பர் ஒருவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, இதுல 'இருப்பு'ங்கிற சொல்லை மட்டும் எடுத்துட்டு ஒருதடவை சொல்லுங்களேன்." அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வாய் திறந்தேன், ஒரு வாக்கியம்கூட வரவில்லை. மூன்று வருடமாகப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சொற்களை எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்பதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து இதுதான் என் முக்கியமான சோதனை. பகுதியை மூன்று முறை படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். அந்தத் தத்துவவாதியின் கலைச்சொல் ஒன்றுகூட இல்லாமல், வீட்டில் பேசுகிற தமிழில், ஐந்தாறு வரி எழுதுங்கள். ஒரு உதாரணம் கட்டாயம் இருக்க வேண்டும். அதுவும் புத்தகத்தில் இல்லாத உதாரணமாக இருக்க வேண்டும். எழுத வரவில்லை என்றால் அவர் பொய்யர் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

தமிழில் எழுதிப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 1929 ஜூலையில் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஹைடெக்கர் தன் பதவியேற்பு உரையை நிகழ்த்தினார். அதில் வரும் பிரபலமான வாக்கியத்தைத் தமிழில் சொல்வதென்றால் "இன்மை தானே இன்மைக்கிறது" என்று ஒரு வினையைப் புதிதாகச் செய்துதான் சொல்ல வேண்டும். ஜெர்மனிலும் அவர் அப்படிச் செய்துதான் சொன்னார். சில வருடத்திலேயே வியன்னா வட்டம் என்ற, அறிவியலையும் தர்க்கத்தையும் அளவுகோலாகக் கொண்ட தத்துவக் குழுவைச் சேர்ந்த ருடால்ஃப் கார்னாப் இந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். "வெளியே என்ன இருக்கிறது?" என்று கேட்டால் "மழை" என்று சொல்லலாம். அந்த மழையைப் பற்றி மேலும் கேட்கலாம். "ஒன்றுமில்லை" என்று பதில் வந்தால், "அந்த ஒன்றுமில்லை எப்படிப்பட்டது?" என்று கேட்க முடியாது. ஏனென்றால் அது எந்தப் பொருளின் பெயரும் அல்ல. இலக்கணம் இடம் கொடுத்ததால் ஹைடெக்கர் இல்லாத ஒன்றைப் பெயராக்கிவிட்டார் என்பதுதான் கார்னாப்பின் குற்றச்சாட்டு.

இதைத் தமிழில் எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் 'ஒன்றுமில்லை' என்பதற்கான சொல் எழுவாயாக நின்று உடன்பாட்டு வினையை ஏற்கும். தமிழில் "வெளியே ஒன்றும் இல்லை" என்கிறோம். எதிர்மறை முழுவதும் வினையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பெயராக்க வேண்டுமென்றால் 'இன்மை' என்று தனியாக ஒரு சொல்லைக் கொண்டுவர வேண்டும். குறளில் வரும் இன்மை வறுமை, அதாவது பொருள் இல்லாமை. ஏதோ ஒன்றின் இல்லாமைதான் நம் மொழியில் இன்மை. கார்னாப் காட்டிய பொறியில் தமிழ் பேசுகிறவர் அவ்வளவு சுலபமாக விழ மாட்டார்.

அப்படியானால் ஹைடெக்கர் பேசியது வெற்றுப் பேச்சா? இங்கேதான் பொறுமை வேண்டும். அந்த உரையில் அவர் ஒரு அனுபவத்தை விவரிக்கிறார். எதற்கென்றே தெரியாத ஒரு கலக்கம். பாம்பைக் கண்டு வரும் பயம் போல அதற்கு ஒரு பொருள் கிடையாது. சுற்றியுள்ள எல்லாமே பிடி நழுவிப்போவது போல இருக்கும். கலக்கம் தணிந்தபின், என்னவாக இருந்தது என்று கேட்டால், "உண்மையில் ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வோம் என்கிறார். நடு ராத்திரி எழுந்து உட்கார்ந்திருப்பவரிடம் "என்ன ஆச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லை, தூங்கு" என்று வருமே, அந்த 'ஒண்ணுமில்லை'. இந்த விவரிப்பு உண்மையானது. எனக்கும் அப்படி நேர்ந்திருக்கிறது. ஆனால் அந்த அனுபவத்தைச் சொல்ல 'இன்மைக்கிறது' என்ற வினை தேவைப்படவில்லை. அதை எடுத்துவிட்டாலும் விவரிப்பு அப்படியே நிற்கிறது. அதனால் என் குறிப்பில் இப்படி எழுதினேன்: அனுபவத்தைச் சொல்லும் பகுதி பொன், கடைசி வாக்கியம் முலாம். இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் காரணமும் சொல்கிறார்கள். நீங்களே படித்து முடிவெடுங்கள்.

திருப்பிப் போடுங்கள்

வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பாருங்கள். "மொழி நம்மைப் பேசுகிறது" என்று ஒருவர் எழுதினால், "மொழி நம்மைப் பேசுவதில்லை" என்று மாற்றுங்கள். இரண்டும் ஒரே அளவுக்கு ஆழமாகத் தோன்றினால், அந்த வாக்கியம் இன்னும் எதையும் சொல்லவில்லை. அதற்கு ஆதரவாக அவர் என்ன தருகிறார் என்று தேடுங்கள். இந்தச் சோதனையை நான் ஜி. ஏ. கோஹன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவரிடம் கடைசியில் மறுபடி வருகிறேன்.

இதை ஒட்டிய இன்னொரு சோதனை: ஒரே வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறதா? ஒரு அர்த்தத்தில் எடுத்தால் பரபரப்பானதாகவும் தவறாகவும், இன்னொரு அர்த்தத்தில் எடுத்தால் சரியானதாகவும் சப்பென்றும் இருக்கிறதா? ஹெகல் 1820இல் எழுதிய 'உரிமையின் தத்துவம்' நூலின் முன்னுரையில் ஒரு வாக்கியம் வருகிறது. அறிவுக்கு உகந்தது எதுவோ அதுவே மெய்நிலை, மெய்நிலை எதுவோ அதுவே அறிவுக்கு உகந்தது என்று. இருப்பதெல்லாம் நியாயமே என்று இதற்கு அர்த்தம் செய்தால் அன்றைய பிரஷ்ய அரசுக்குக் கொடுத்த நற்சான்றிதழ் ஆகிவிடும். அப்படித்தான் பலர் திட்டினார்கள். 1827இல் தன் 'கலைக்களஞ்சிய'த்தின் இரண்டாம் பதிப்பில் ஹெகல் பதில் சொன்னார். இருக்கிற எல்லாவற்றையும் தான் 'மெய்நிலை' என்று சொல்லவில்லை, தற்செயலாக இருப்பது அந்தப் பெயருக்கு உரியது அல்ல என்றார். சரி. ஆனால் அறிவுக்கு உகந்ததை மட்டும்தான் மெய்நிலை என்று அழைப்போம் என்றால் வாக்கியம் தன்னைத்தானே சுற்றி வருகிறதே? இரண்டுக்கும் நடுவே மூன்றாவது அர்த்தம் உண்டு, வரலாற்றில் அறிவுக்கு உகந்தது வெறும் கனவாக நிற்காமல் நடைமுறைக்கு வரும் வலு உள்ளது என்பதே அது என்கிறார்கள் அவரை மதிப்பவர்கள். அதைத்தான் நாம் சோதிக்க வேண்டும். அந்த மூன்றாவது அர்த்தத்துக்கு அவர் உதாரணம் தருகிறாரா, அது நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பெரிய ஆள் அவரைத் திட்டியிருக்கிறார் என்பதை மட்டும் சான்றாக எடுக்காதீர்கள். அதே காலத்து ஜெர்மன் தத்துவவாதி ஷோபன்ஹவர் ஹெகலைப் போலி என்றே சொன்னார். அதே ஷோபன்ஹவர் பெர்லினில் ஹெகல் வகுப்பெடுக்கும் நேரத்துக்கே தன் வகுப்பையும் வைத்து, ஆள் வராமல் போனதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

புத்தகத்தை மூடிய பிறகு என்ன தெரிகிறது?

எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இந்தச் சோதனை முக்கியம்.

சுத்தியலைப் பற்றி ஹைடெக்கர் சொல்வது இது. தச்சர் ஆணி அடிக்கும்போது சுத்தியலை ஒரு பொருளாகப் பார்ப்பதே இல்லை. அது கையோடு கரைந்துபோகிறது, கவனமெல்லாம் வேலையில் இருக்கிறது. சுத்தியல் உடைந்தால்தான் அது எடையும் வடிவமும் உள்ள ஒரு பொருளாகக் கண்முன் வந்து நிற்கிறது. அதோடு சேர்ந்து ஆணி, பலகை, செய்து தர வேண்டிய மேசை, அதைக் கேட்டவர் என்று ஒரு வலை முழுவதும் தெரிய வருகிறது. தத்துவம் நெடுங்காலமாக உலகத்தை 'பார்க்கப்படும் பொருள்களின் கூட்டம்' என்றே வைத்துத் தொடங்கிவிட்டது, அது இந்த உடைந்த நிலையிலிருந்து தொடங்கியது போல என்கிறார்.

படித்தபோது புரிந்தது, அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, திண்டுக்கல் பைபாஸில் என் வண்டியின் கிளட்ச் கேபிள் அறுந்தது. பத்து வருடம் ஓட்டிய வண்டி. கிளட்ச் என்று ஒன்று இருப்பதையே என் இடது கை அன்றைக்குத்தான் கவனித்தது. லிவர் தொளதொளவென்று ஆடியது. கேபிள் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தேன். மெக்கானிக் கடை எவ்வளவு தூரம், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, ஆறு மணிக்கு வருகிறேன் என்று அத்தையிடம் சொன்னது, பையில் இருந்த மருந்து, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அரை நிமிடத்துக்கு முன்னால்வரை இதெல்லாமே அந்த ஓட்டத்துக்குள் இருந்தது, ஒன்றும் தனியாகத் தெரியவில்லை. ரோட்டோரம் நின்றபடி, அவர் சொன்னது இதைத்தான் என்று நினைத்தேன். அதற்கப்புறம் சமையல்கட்டில் அம்மாவின் கையைப் பார்க்கும்போதும், புதிதாகத் தையல் பழகுகிறவர் ஊசியையே முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதும் அது தெரிகிறது. ஒரு கருத்து புத்தகத்துக்கு வெளியே, நாம் தேடாத இடத்தில், தானாக வேலை செய்தால் அதில் விஷயம் இருக்கிறது.

இது என் ஒருவனுடைய உணர்வு மட்டும் இல்லை. ஹூபர்ட் டிரைஃபஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி, ஹைடெக்கரைப் படித்த பழக்கத்தில், 1965லேயே செயற்கை அறிவு ஆராய்ச்சியைப் பற்றி ஒரு கடுமையான அறிக்கை எழுதினார். 1972இல் அதைப் புத்தகமாக விரித்தார். மனிதரின் அன்றாடத் திறமையைத் தகவல்களாகவும் விதிகளாகவும் எழுதி அடுக்கிவிடலாம் என்று நினைக்கிறீர்கள், கைத்திறன் அப்படி வேலை செய்வதில்லை என்பது அவர் வாதம். அப்போது அந்தத் துறையில் இருந்தவர்கள் எரிச்சலடைந்தார்கள். 1967இல் அவரே மாக்ஹாக் என்ற சதுரங்க நிரலிடம் தோற்றதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் விதிகளை மட்டும் நம்பிய அந்த வழி அன்றாட அறிவில் முட்டி நின்றது என்று பிற்பாடு துறைக்குள்ளேயே பலர் ஒப்புக்கொண்டார்கள். அவர் எல்லாவற்றிலும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. புரியாத ஜெர்மன் நூலின் சில பக்கங்களிலிருந்து, தோற்கவோ ஜெயிக்கவோ கூடிய ஒரு கூற்று வெளியே வந்தது. அதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இந்த இடத்தில் ஒருவர் கேட்பார்: ஹைடெக்கர் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர்தானே? ஆமாம். ரெக்டராக, அதாவது பல்கலைக்கழகத் தலைவராகவும் இருந்தார். 2014 முதல் வெளிவந்த அவருடைய 'கருப்பு நோட்டுகளில்' யூத வெறுப்பு வரிகள் இருக்கின்றன. இதை மறைக்கவோ சுருக்கவோ கூடாது. தன் காலத்தைப் பற்றி இவ்வளவு பெரிதாக ஏமாந்த ஒருவர் 'ஒரு மக்களின் விதி' என்று எழுதும் பக்கங்களை இரட்டிப்புச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். சுத்தியல் பக்கத்தை அதே கறை தொடுகிறதா என்பதைப் பக்கம் பக்கமாகத்தான் பார்க்க முடியும்.

இரவல் சரக்கு

தத்துவவாதி கணிதம், இயற்பியல் என்று வேறு துறைக்குள் கை நீட்டினால் அந்தத் துறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஒரு பி.எஸ்சி. மாணவர்கூடப் போதும். ஆண்குறியை மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தோடு லக்கான் சமப்படுத்திய பகுதியை இயற்பியலாளர்களான ஆலன் சோகலும் ழான் பிரிக்மோனும் 1997இல் எழுதிய நூலில் எடுத்துக் காட்டினார்கள். அதற்கு முந்தின வருடம்தான் சோகல் வேண்டுமென்றே அபத்தமாக எழுதிய கட்டுரையை 'சோஷியல் டெக்ஸ்ட்' என்ற பண்பாட்டு ஆய்விதழ் வெளியிட்டிருந்தது. அந்தச் சம்பவத்தை வைத்துப் பிரெஞ்சுச் சிந்தனை முழுவதையும் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அந்த இதழின் ஆசிரியர்கள் தெரிந்தவரிடம் காட்டாமல் அச்சிட்டார்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது. இரவல் கணிதம் பொய்த்துப்போனால், அதை எடுத்துவிட்டு மீதி நிற்கிறதா என்று பாருங்கள்.

எதிராளியை எப்படி நடத்துகிறார்?

நம் மரபில் இதற்கு நல்ல அளவுகோல் இருக்கிறது. அருணந்தி சிவாச்சாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பரபக்கம், அதாவது பிறர் கட்சி, முதலில் வரும்; சுபக்கம், அதாவது தன் கட்சி, பிறகுதான். கண்ணுக்குத் தெரியும் உலகத்தை மட்டும் நம்பும் உலகாயதன் தொடங்கி ஒவ்வொருவர் கட்சியையும் அவரவர் வாதமாகச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பார். அவர் மறுப்பை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் எங்கே ஏற்கவில்லை என்று விரல் வைத்துக் காட்ட முடியும். நீங்கள் படிக்கும் தத்துவவாதி அப்படி இடம் தருகிறாரா? "நீ என்னை மறுப்பதே நீ இன்னும் விழித்துக்கொள்ளவில்லை என்பதற்குச் சான்று" என்ற தொனி வந்தால் ஜாக்கிரதை. எந்த மறுப்பும் உள்ளே நுழைய முடியாத வீட்டில் இருப்பவருக்குத் தன் தவறு தெரிய வழியே இல்லை.

தவறு தெரிந்தபோது என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். ஆஸ்திரியத் தத்துவவாதி விட்கென்ஸ்டைன் 1921இல் வெளிவந்த தன் முதல் நூல் 'டிராக்டேட்டஸ்' முன்னுரையில், தத்துவப் பிரச்சினைகளைச் சாராம்சத்தில் தீர்த்துவிட்டதாக நம்புவதாக எழுதினார். தத்துவத்தை விட்டுவிட்டு ஆஸ்திரிய கிராமங்களில் பள்ளி ஆசிரியராகப் போனார். 1929இல் கேம்பிரிட்ஜ் திரும்பினார். வாக்கியமும் அது சொல்லும் நிலைமையும் ஒரே தர்க்க வடிவம் உள்ளவை என்று அவர் வாதாடிக்கொண்டிருந்தபோது, பியரோ ஸ்ராஃபா என்ற இத்தாலியப் பொருளாதார அறிஞர் விரல் நுனிகளால் தன் தாடையின் அடியை வெளிப்பக்கமாகத் தடவிக் காட்டினாராம். நேப்பிள்ஸ்காரர்கள் அலட்சியத்தைக் காட்டச் செய்யும் சைகை அது. "இதற்கு என்ன தர்க்க வடிவம்?" என்று கேட்டாராம். விட்கென்ஸ்டைனின் மாணவர் நார்மன் மால்கம் இதைப் பதிவுசெய்திருக்கிறார். இறந்தபின் 1953இல் வெளிவந்த 'தத்துவ ஆய்வுகள்' முன்னுரையில், முதல் நூலில் பெரும் தவறுகள் இருந்ததை விட்கென்ஸ்டைன் வெளிப்படையாகச் சொல்லி, ஸ்ராஃபாவுக்கும் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஃபிராங்க் ராம்சேவுக்கும் கடன்பட்டதையும் எழுதினார். இப்படிப்பட்ட ஒருவர் புரியாமல் எழுதினால் நான் இன்னும் ஒரு மாதம் கூடுதலாகப் பொறுப்பேன்.

உங்களையும் உரசிப் பாருங்கள்

கோஹன் இளவயதில் பிரெஞ்சுத் தத்துவவாதி அல்துஸ்ஸரின் மார்க்சியப் பள்ளி எழுத்துகளில் மூழ்கியிருந்தார். பிற்பாடு அதைப் பற்றி நேர்மையாக எழுதினார். கஷ்டப்பட்டு ஒரு சுமாரான கருத்தை அந்த நடையிலிருந்து பிரித்தெடுத்தபோது, அதற்கு இல்லாத மதிப்பைத் தான் ஏற்றிக் கொடுத்ததாகச் சொல்கிறார். தன் நேரம் வீண் என்று நினைக்க மனம் வரவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். இதைப் படித்தபோது மொட்டை மாடிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. தத்துவவாதி தன்னை ஏமாற்றிக்கொண்டாரா என்று தேடும் நாம், மூன்று வருடம் செலவழித்த பிறகு, 'ஆமாம்' என்ற விடையைத் தாங்கக்கூடிய நிலையில் இருக்கிறோமா?

இதற்கு நான் செய்வது ஒன்றுதான். ஒரு நாற்பது பக்க நோட்டு. இடது பக்கம், பகுதியை என் தமிழில் எழுதுவேன். வலது பக்கத்தைக் காலியாக விடுவேன். மூன்று மாதம் கழித்துத் திறந்து, இடையில் அந்தக் கருத்து எங்காவது எனக்கு உதவியதா என்று வலது பக்கம் எழுதுவேன். இடது பக்கத்தில் நான் எழுதியது, தத்துவவாதியின் பெயர் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தாலும் கவனித்திருப்பேனா என்றும் கேட்டுக்கொள்வேன். சில பகுதிகளுக்கு 'இல்லை' என்று எழுத வேண்டிவரும். கை கொஞ்சம் தயங்கும், எழுதிவிடுங்கள். சிலவற்றுக்குக் கேள்விக்குறி போட்டு விடலாம். ஹெகலின் ஆண்டான் அடிமைப் பகுதிக்கு எதிரே என்னிடம் ஆறு வருடமாகக் கேள்விக்குறி இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து படிக்கிறேன்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: 'இருப்பும் காலமும்' நூலில் 15, 16 ஆகிய இரண்டு பிரிவுகள் மட்டும். அதுவும் கனமாகத் தெரிந்தால், 'தத்துவ ஆய்வுகள்' நூலின் 66ஆம் பத்தி. ஒரு பக்கம்தான். விளையாட்டு என்று நாம் சொல்லும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறதா என்று அங்கே விட்கென்ஸ்டைன் கேட்கிறார். தனியாகப் படிக்காதீர்கள், கூட ஒருவரை உட்காரவையுங்கள். பல்லாங்குழி, கபடி, சீட்டு, ஒரு குழந்தை தனியாகச் சுவரில் பந்தை எறிந்து பிடிப்பது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பொதுவானதைத் தேடுங்கள். போட்டி என்று ஒருவர் சொல்வார், குழந்தையிடம் அது இருக்காது. விதி என்று இன்னொருவர் சொல்வார். அரை மணி நேரத்தில் சண்டை வந்துவிடும். அப்போது 67ஆம் பத்தியைத் திறங்கள்.